பொறுமையை யாருக்குப் போதிக்கிறோம்?

எருசலேமில் ஆட்டு வாயிலுக்கு அருகே பெத்சதா என்றொரு குளம் இருந்தது. அதன் ஐந்து மண்டபங்களில் நோயாளிகள் படுத்துக் கிடந்தார்கள். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவர் நலம் பெறுவார் என்பது அவர்களது நம்பிக்கை. அவர்களிடையே முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவரைப் பற்றி யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நலம்பெற விரும்புகிறாயா என்று இயேசு அவரைக் கேட்கிறார். அந்த மனிதர் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை. தம் நோயைப் பற்றியும் முறையிடுவதில்லை. தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்றும், தாம் போவதற்குள் வேறொருவர் முந்திக்கொள்கிறார் என்றும் சொல்கிறார். அவரது முறையீடு நோயைப் பற்றியதன்று, வரிசையைப் பற்றியது.

கொரோனாத் தடுப்பூசிக்காக நாம் காத்திருந்த 2021ஆம் ஆண்டை எண்ணும்போதெல்லாம் இந்த மனிதர்தான் என் கண்முன் வருகிறார். அந்த ஆண்டைப் பற்றி நம்மிடையே ஓர் இனிய கதை உலவுகிறது. அச்சம் வந்தது, இறைவனை மன்றாடினோம், பொறுமையாகக் காத்திருந்தோம், ஊசி வந்தது, பிழைத்தோம் என்பதே அந்தக் கதை. இதில் பொய்யில்லை. ஆனால் ஓர் உண்மை விடுபட்டிருக்கிறது. நாம் அனைவரும் ஒரே வரிசையில் காத்திருக்கவில்லை. பொறுமை என்னும் நற்பண்பு அந்த ஆண்டில் ஏழைகளுக்கு மட்டுமே கட்டாயப் பாடமாக வைக்கப்பட்டது. இதை மறுப்பவர்களோடு வழக்காடவே இக்கட்டுரை.

தொடக்கம் நன்றாகவே இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். 2021 ஜனவரி 16 அன்று நம் நாட்டில் ஊசி போடத் தொடங்கியபோது மருத்துவரும் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் முன்னிறுத்தப்பட்டனர். மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும், நாற்பத்தைந்து வயதைக் கடந்து இணைநோய் உள்ளவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் நாற்பத்தைந்து வயதைக் கடந்த அனைவருக்கும் வாய்ப்பு வந்தது. யாருக்கு ஆபத்து மிகுதியோ அவர் முதலில் என்பது அந்த வரிசையின் அறம். அந்த வரிசையில் பின்னால் நிற்பது எவருக்கும் இழிவன்று. பொறுமை உண்மையிலேயே புண்ணியமாக இருந்த நாள்கள் அவை.

மே 1 அன்று அந்த அறம் உடைந்தது. பதினெட்டு வயதைக் கடந்த அனைவரும் தகுதியுடையோர் என்று கதவு திறக்கப்பட்டது. ஆனால் அத்தனை பேருக்கும் கொடுக்க உள்ளே மருந்து இல்லை. உற்பத்தியில் பாதி நடுவண் அரசுக்கு, மீதிப் பாதி மாநிலங்களுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் என்று பங்கிடப்பட்டது. ஒரே கோவிஷீல்டு மருந்துக்கு நடுவண் அரசு தந்த விலை 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300, தனியாருக்கு 600. இளையோர் இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்றும் விதி வந்தது. கைப்பேசியில் விரல் விரைந்து ஓடுபவர்களுக்கு இடம் கிடைத்தது. கல் உடைக்கும் விரல்களுக்குக் கிடைக்கவில்லை. பதினெட்டு முதல் நாற்பத்து நான்கு வயதினரைப் பணம் கட்டச் செய்யும் இக்கொள்கை தன்னிச்சையானது, பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்றே தோன்றுகிறது என உச்ச நீதிமன்றம் மே 31 நாளிட்ட ஆணையில் சுட்டியது. ஜூன் 7 அன்று கொள்கை மாற்றம் அறிவிக்கப்பட்டு, ஜூன் 21 முதல் முக்கால் பங்கு மருந்தை நடுவண் அரசே வாங்கி இலவசமாக வழங்கத் தொடங்கியது. கால் பங்கு தனியாரிடமே இருந்தது.

இங்கே என் கதையையும் சொல்லியாக வேண்டும். பிறரைக் குறை கூறுபவன் தன்னை ஒளித்துக்கொள்ளலாகாது.

அந்த மே மாதத்தின் முதல் வாரத்தில் இரண்டாவது ஊசிக்காக ஓர் அரசு மையத்திற்குச் சென்றேன். ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். எனக்கு அறிமுகமான ஒருவர் அங்கே எனக்காக ஒரு டோக்கனை எடுத்து வைத்திருந்தார். வாசலில் எங்கள் பங்கைச் சேர்ந்த, மீன் விற்கும் பெண் ஒருவர் வெறுங்கையோடு நின்றிருந்தார். அவர் வருவது அது மூன்றாவது முறை. விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, கூடையை இறக்கிவைத்துவிட்டு அவர் வந்து சேர்வதற்குள் டோக்கன் தீர்ந்துவிடும். ஒரு நாள் விற்பனையை விட்டால் வட்டிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்ததும், "சார், உங்களுக்குக் கிடைச்சிடுச்சா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "நல்லது சார். நான் நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் முகத்தில் சினம் இல்லை. எத்தகைய பொறுமை என்று அன்று மாலை வீட்டில் வியந்து பேசினேன். அந்தப் பொறுமை எனக்காகச் செலவிடப்பட்டது என்பது எனக்கு உறைக்கப் பல நாள்கள் ஆயின. குளத்தில் முந்திக்கொண்ட அந்த வேறொருவர் நான்தான்.

"பொறுமையாயிருங்கள் என்று திருவிவிலியமே சொல்கிறதே" என்று நம்மில் சிலர் வாதிடுவர். சொல்கிறதுதான். யாக்கோபு தம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், மழைக்காகக் காத்திருக்கும் உழவரை எடுத்துக்காட்டாக வைக்கிறார். ஆனால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அது பொறுமையோடு தொடங்கவில்லை. வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று செல்வர்களைக் கடிந்துகொண்டுதான் தொடங்குகிறது. நீதியைப் பேசிய பிறகே திருத்தூதர் பொறுமையைப் பேசுகிறார். முன்பாதியைக் கிழித்துவிட்டுப் பின்பாதியை மட்டும் ஏழைக்கு வாசித்துக் காட்டுவது மறையுரை ஆகாது. மேலும், உழவர் காத்திருப்பது மழைக்காக. மழை கையூட்டு வாங்காது, ஆளறிந்து பெய்யாது. இயற்கையின் தாமதத்தைத் தாங்குவது பொறுமை. மனிதர் செய்த அநீதியைத் தாங்கு என்று பிறருக்குக் கட்டளையிடுவதற்குப் பெயர் வேறு.

கவலைப்படுவது நம்பிக்கைக் குறைவு என்ற பேச்சும் அந்நாளில் நிறையக் கேட்டது. கவலையில் இரண்டு வகை இருந்தது. ஊசி கிடைக்குமா என்பது ஒன்று. ஊசியால் ஏதேனும் நேருமா என்பது மற்றொன்று. நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட மறுநாளே மயங்கி விழுந்து, 2021 ஏப்ரல் 17 அன்று மறைந்தபோது தமிழகமே திடுக்கிட்டது. அவரது இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று வல்லுநர் குழு பின்னர் ஆய்ந்து கூறியது; ஆனால் அந்த முடிவு வெளியாக அக்டோபர் மாதம் ஆயிற்று. இரு கோவிஷீல்டு ஊசிகளுக்கும் இடைப்பட்ட காலம் முதலில் நான்கு முதல் ஆறு வாரம். மார்ச்சில் ஆறு முதல் எட்டு. மே 13 அன்று பன்னிரண்டு முதல் பதினாறு. இடைவெளி நீண்டால் எதிர்ப்பாற்றல் கூடும் என்பதற்கு அறிவியல் சான்று இருந்தது. ஆயினும் மருந்து தட்டுப்பாடான அதே வாரத்தில் அந்த அறிவிப்பு வந்ததால், இது சான்றா, சாக்கா என்று எளிய மக்கள் ஐயுற்றனர். அவர்களை அறியாமையில் உழல்பவர்கள் என்று ஏளனம் செய்தோம். உண்மையை உரிய நேரத்தில் விளக்கிச் சொல்லாதவர்களை நாம் கேள்வி கேட்கவில்லை. கெத்சமனியில் ஆண்டவரே மனங்கலங்கினார். கலங்குகிறவரிடம் நம்பிக்கை பற்றிப் பாடம் நடத்துவதைவிட, அருகில் அமர்ந்து விழித்திருப்பதே சீடருக்கு அழகு. அன்று சீடர்கள் உறங்கினார்கள் என்பதையும் நற்செய்தி மறைக்கவில்லை.

நம் ஊர் மையத்தின் வாசலில் நடந்ததே உலகின் வாசலிலும் நடந்தது. 2021 ஜனவரி 18 அன்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைவர் தெத்ரோஸ் ஒரு கணக்கைச் சொன்னார். செல்வம் மிகுந்த 49 நாடுகளில் 3 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்பட்டிருந்தன. மிக வறிய நாடுகளுள் ஒன்றில் போடப்பட்டவை 25 மட்டுமே. இருபத்தைந்து லட்சமல்ல, இருபத்தைந்து ஆயிரமுமல்ல, இருபத்தைந்து. அனைவருக்கும் பகிர்ந்தளிக்க எனக் கோவாக்ஸ் என்னும் கூட்டமைப்பு உருவாகி, 2021க்குள் இருநூறு கோடி ஊசிகள் என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கை எட்டவில்லை. கனடா தன் மக்கள்தொகைக்குப் பல மடங்கு மருந்தை ஒப்பந்தம் செய்திருந்தது. வறிய நாடுகளின் மருத்துவப் பணியாளர்கள் பலர் முதல் ஊசியே பெறாதிருக்க, செல்வ நாடுகள் மூன்றாவது ஊசியைத் தொடங்கின. சற்றே நிறுத்துங்கள் என்று அந்த ஆகஸ்டில் உலக நலவாழ்வு நிறுவனம் விடுத்த வேண்டுகோள் செவிடர் காதில் ஊதிய சங்காயிற்று.

நம் நாட்டின் கணக்கும் கலப்பானதே. 6 கோடிக்கும் மேற்பட்ட ஊசிகளைப் பிற நாடுகளுக்கு அனுப்பிய இந்தியா, இரண்டாம் அலை எழுந்தபோது ஏற்றுமதியை நிறுத்தியது. நேபாளத்திலும் வங்கதேசத்திலும் முதல் ஊசி போட்டுக்கொண்ட முதியோர் இரண்டாவதுக்காகக் காத்துக் கிடந்தனர். நம் வீட்டில் பிணங்கள் எரிந்துகொண்டிருந்தபோது அந்த முடிவைக் கல்லெறிந்து பழிக்க என்னால் இயலவில்லை. ஆனால் "நம்மவர் முதலில்" என்னும் அதே வாதத்தைத்தான் செல்வ நாடுகளும் நம்மிடம் சொல்லின என்பதை மறக்கலாகாது.

காப்புரிமை இல்லாவிட்டால் புது மருந்தை யார் கண்டுபிடிப்பார் என்று கேட்போர் உளர். எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று இது. ஆயினும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஊசியின் ஆய்வுக்குப் பெருமளவு செலவானது பொதுப்பணம். கோவாக்சின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு உருவானது. விதைத்தவர் பொதுமக்கள் என்றால், அறுவடையில் அவர்களுக்கு உரிமை இல்லையா? காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்த இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர் 2 அன்று உலக வணிக அமைப்பில் முன்மொழிந்தன. குறைத்துச் சுருக்கிய ஒரு முடிவு வந்தது 2022 ஜூன் 17 அன்று. இருபது மாதங்கள்! அதற்குள் எத்தனை கல்லறைகள்!

காப்புரிமையை மட்டும் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. குன்னூரிலும் கிண்டியிலும் நெடுங்காலம் தடுப்பு மருந்து செய்துவந்த பொதுத்துறை நிறுவனங்கள் நம் தமிழ் மண்ணிலேயே உள்ளன. உற்பத்தித் தரம் போதவில்லை என்று 2008இல் அவற்றின் உரிமம் நிறுத்தப்பட்டு, 2010இல் மீண்டும் வழங்கப்பட்டது. தரம் போதவில்லையெனில் உயர்த்துவதல்லவா முறை? 2012இல் ஒப்புதல் பெற்ற செங்கல்பட்டுத் தடுப்பூசி வளாகம், 2021இல் உலகமே ஊசிக்குத் தவித்தபோது ஓர் ஊசியும் செய்யாமல் நின்றது. குளம் நம் ஊரிலேயே இருந்தது. அதைத் தூர்வாராமல் விட்டிருந்தோம்.

திருச்சபை பேசாமல் இருக்கவில்லை. நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21 அன்று வெளியிட்ட குறிப்பில், ஊசி போடுவது தன்விருப்பத்தின்படி இருக்க வேண்டும் என்றதோடு, வறிய நாடுகளுக்கும் அது கிடைக்கச் செய்வது அறநெறிக் கடமை என்றும் கூறியது. அந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவில் திருத்தந்தை பிரான்சிஸ், மிகவும் நலிந்தோர்க்கு முதலிடம் தருமாறு உலகை வேண்டினார். வீடற்றோரை வத்திக்கானுக்கு அழைத்து ஊசி போடச் செய்தார். நாம் என்ன செய்தோம்? ஆலயக் கதவை எப்போது திறப்பார்கள் என்பதைப் பற்றிப் பேசிய அளவுக்கு, நம் பங்கில் கைப்பேசி இல்லாதவர் எத்தனை பேர், நடக்க இயலாதவர் எத்தனை பேர் என்று பேசினோமா? பேசிய பங்குகள் உண்டு, அவற்றை வணங்குகிறேன். பேசாதவற்றில் என் பங்கும் ஒன்று. அதன் அன்பியத்தில் நானும் ஓர் உறுப்பினன்.

"எல்லாம் முடிந்துவிட்டதே, 2021 அக்டோபர் 21 அன்று நூறு கோடி ஊசிகளைக் கடந்தோமே, இனி ஏன் இந்தக் கிளறல்?" என்பது கடைசி வாதம். அந்த எண்ணிக்கை பெருமைக்குரியதே. நம் மாநிலத்தில் அந்த ஆண்டு செப்டம்பர் 12 முதல் ஊசியே மக்களைத் தேடிச் சென்ற பெருமுகாம்கள் நடந்தன. அவை எனக்கு ஒன்றை மெய்ப்பித்தன: மனம் இருந்தால் குளத்தையே நோயாளியிடம் கொண்டுசெல்ல முடியும். முடியும் என்றால், மே மாதத்தில் ஏன் அதைத் தொடங்கக்கூட இல்லை என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2025 மே 20 அன்று உலக நாடுகள் ஒரு பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன. அப்போதும், மருந்தை எப்படிப் பங்கிடுவது என்னும் நெஞ்சான பகுதியை மட்டும் பிறகு பேசலாம் என்று ஒத்திவைத்தன. அடுத்த நோய் அவர்களுக்காக ஒத்திப்போடப்படுமா?

ஆகவே, அன்பு வாசகர்களே, இரண்டே வேண்டுகோள்கள். நம் பங்கில் ஆளில்லாதவர் யார் யார் என்ற பட்டியல் ஒவ்வோர் அன்பியத்திடமும் இன்றே இருக்கட்டும். தொற்று வந்த பிறகு எழுதத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றியும் பொதுத்துறை மருந்து நிறுவனங்களைப் பற்றியும் கிராம சபையிலும் வாக்குக் கேட்டு வருவோரிடமும் விடாமல் கேட்போம். நீதி கேட்டு நடுவரை விடாது நச்சரித்த கைம்பெண்ணை ஆண்டவர் எடுத்துக்காட்டாக வைத்தார். அவரும் காத்திருந்தவர்தான், வாய்மூடிக் காத்திருக்கவில்லை.

அந்த மீன்காரத் தாய்க்கு ஜூன் கடைசியில் ஊசி கிடைத்தது. இன்றும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னைக் கண்டால் நலம் கேட்பார். அந்த டோக்கனைப் பற்றி அவரிடம் நான் இதுவரை பேசியதில்லை. இதை எழுதி முடித்ததும் பேச வேண்டும்.