கில்ட்டுக்கு ஏற்ற டையும் மரபின் வயதும்

கில்ட்டுடன் எத்தகைய சட்டையும் டையும் பொருந்தும் என்ற வினா அற்பமாகத் தோன்றலாம். உடை வரலாறு பயில்வோர்க்கு அது அற்பமன்று.

ஸ்காட்லாந்தில் வழங்கும் விதிகள் எளியவை. பகலில் ட்வீட் கோட்டு, வெளிர்நிறச் சட்டை, ஒற்றை நிறக் கம்பளி டை. மாலை விருந்துக்குப் பிரின்ஸ் சார்லி கோட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை. டார்ட்டன் துணியே பல நிறக் கட்டங்களால் ஆனது. ஆதலால் அதில் மெல்லிய கோடாக ஓடும் நிறமொன்றை டைக்குத் தேர்வதே நன்று. அதே கட்டங்களை டையிலும் அணிவது மிகை என்பது என் கருத்து.

ஆனால் இவற்றைத் தொன்மரபு என்பது பிழை. 1746ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டு உடையைத் தடைசெய்தது. முதற்குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை செய்தால் ஏழாண்டு நாடுகடத்தல். மன்னரின் படையினருக்கு விலக்கு இருந்தது. 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரே எடின்பரோவில் கில்ட் அணிந்து தோன்றினார். அவ்வரவேற்பை வடிவமைத்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். தண்டனைக்குரிய உடை சடங்குடை ஆயிற்று. இன்றைய நீள டை அதனோடு சேர்ந்தது அதற்கும் பிந்தியே.

எனவே விதிகளை அவைக்குரிய மரியாதையாகப் பின்பற்றுவோம். டை பிசகியவரை 'மரபறியாதவர்' என எள்ளுவது தகாது. எம்மரபை ஆயினும் ஆய்வாளர் முதலில் வினவ வேண்டியது இதுவே: இதை வகுத்தவர் யார், எப்போது, எவரை விலக்கி?