14 மார்க்கும் ஒரு காகிதமும்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை நடக்கிறது. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் திட்டத் தேர்வு என்பது அதன் பெயர். மத்திய சர்க்கார் 2008-ஆம் ஆண்டில் கொண்டுவந்த திட்டம் இது. சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் இதை எழுதலாம். பெற்றோரின் வருட வருமானம் மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் உபகாரச் சம்பளம். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள்.

நல்ல திட்டம்தான். நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் கிள்ளையில் நின்று பார்த்தால் இதன் மறுபக்கம் தெரிகிறது.

கிள்ளையிலும் பிச்சாவரம் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளிலும் இருளர் மக்கள் வாழ்கிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்பவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையும் இந்தப் பரீட்சையை எழுதுகிறது. மனத்திறனுக்கு 90 மார்க், பாடத்துக்கு 90 மார்க், ஆக 180. தேறுவதற்குப் பொதுவாக நூற்றுக்கு 40 வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 32 போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 72 மார்க், மற்றவருக்கு 58 மார்க். 65 மார்க் வாங்கிய இருளர் வீட்டுப் பெண் தேறியவளா, தவறியவளா?

அவள் அறிவு அதைத் தீர்மானிப்பதில்லை. ஒரு காகிதம் தீர்மானிக்கிறது. பழங்குடி என்ற ஜாதிச் சான்று கையில் இருந்தால் தேறியவள், இல்லாவிட்டால் தவறியவள். பழங்குடியினருக்கென ஒதுக்கிய இடத்தைக் கேட்கவும் அதே காகிதம்தான் வேண்டும்.

அந்தக் காகிதம் எங்கே கிடைக்கும்? 1989 நவம்பர் முதல் பழங்குடிச் சான்று தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். அதாவது கிள்ளைக்காரர் சிதம்பரம் போகவேண்டும். மனுப் போட்டால், தகப்பனுக்கோ நெருங்கிய ரத்த உறவினருக்கோ சான்று உண்டா என்று கேள்வி வருகிறது. பள்ளிக்கூடத்துப் படியே மிதிக்காத தகப்பனிடம் சான்று எப்படி இருக்கும்? பிறகு விசாரணை. மறுத்தால் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் உயர்நீதிமன்றம். ஒருநாள் தண்ணீரில் இறங்காவிட்டால் அன்று அடுப்பு எரியாத வீட்டுக்கு இத்தனை படிகள்! வசதியுள்ள வீட்டில் மார்க் குறைந்தால் டியூஷன் வைக்கிறார்கள், வக்கீலைப் பார்க்கிறார்கள். இங்கே ஒவ்வொரு படிக்கும் ஒருநாள் கூலி போகிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு முறைதான் இந்தப் பரீட்சை. சான்று அடுத்த வருடம் வந்து என்ன பயன்? பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கும், அல்லது படிப்பை விட்டுத் தகப்பனோடு தண்ணீரில் இறங்கியிருக்கும்.

‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று சிலர் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு மனுவும் கையுமாக நடப்பது அக்கறை இல்லாமல் வேறென்ன? 2022-இல் கிள்ளை பேரூராட்சித் தலைவர் பதவி பழங்குடிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. இருளர் பெண் ஒருவர் தலைவரானார். இவ்வூரில் பழங்குடிகள் வாழ்கிறார்கள் என்று சர்க்காரே கணக்கெடுத்துத்தான் பதவியை ஒதுக்கியது. அப்படியிருக்க, அதே ஊர்ப் பிள்ளை மட்டும் தன் குலத்தை ஏன் புதிதாக நிரூபிக்கவேண்டும்?

நம் கோரிக்கைகள் எளியவை. சான்று தேடி மக்கள் அலையக்கூடாது. அதிகாரிகள் குடியிருப்புக்கு வந்து விசாரித்துக் கையில் தரவேண்டும். பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும்போதே அது பள்ளியில் இருக்கவேண்டும். மனு நிலுவையில் இருந்தால், பரீட்சை முடிவை நிறுத்திவைத்துச் சான்று வந்ததும் இடம் தரவேண்டும். காகிதத்தின் தாமதத்துக்குப் பிள்ளையைத் தண்டிக்கலாகாது. பரீட்சைக்கான பயிற்சியைப் பள்ளி நேரத்திலேயே கொடுக்கவேண்டும்.

இதோடு பிரச்னை தீர்ந்துவிடாது. பிரிட்டனில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின், 11 வயதிலேயே பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். நல்ல பள்ளிகளில் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளே அதிகம் சேர்ந்தார்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். 1965-இல் அந்நாட்டு அரசே இம்முறையைக் கைவிடும்படி உள்ளூர் நிர்வாகங்களைக் கேட்டுக்கொண்டது. நம் நாட்டில் 1966-இல் கோத்தாரி கமிஷன் எல்லோருக்கும் பொதுவான பள்ளி வேண்டும் என்று சொன்னது. அது இன்னும் ஏட்டில்தான் இருக்கிறது.

பொறுக்கி எடுத்த சிலருக்குப் பணம் கொடுப்பது உதவி. எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்ல பள்ளி கொடுப்பதுதான் நீதி. அந்த நீதிக்காகப் போராடுவோம். அதுவரை இந்த உதவியையும் ஒரு காகிதம் தட்டிப் பறிக்க விடமாட்டோம்.