கைப்பிடியின் நீளம் யார் முடிவு?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் ஒன்று பணியிடப் பாதுகாப்பு பற்றியது. காயமோ தொழில்நோயோ உண்டாக்கக்கூடிய ஆபத்து இல்லாமல் வேலையிடத்தை வைத்திருப்பது வேலை கொடுப்பவரின் கடமை என்கிறது அது. ஆனால் பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது பொருந்தும். ஏலக்காய்த் தோட்டம் என்றால் 5 ஹெக்டேராவது இருக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் இருந்து விடியுமுன் கிளம்பும் பெண்களில் எத்தனை பேர் இந்தக் கணக்குக்குள் வருவார்கள்?

தொழில்நோய் என்றதும் தூசி, அமிலம், விஷவாயு என்றுதான் நாம் நினைக்கிறோம். குனிந்தே இருப்பதால் வரும் முதுகுவலியை நோயென்று யாரும் எழுதுவதில்லை. ஏலச்செடியில் காய் பிடிப்பது தரையை ஒட்டிய சரத்தில். நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் பறிக்க வேண்டும். கீழே வந்தால் திராட்சைப் பந்தல், அங்கே நேர்மாறு. கவாத்தோ அறுவடையோ, கை தலைக்கு மேலேயே இருக்கும், கழுத்து அண்ணாந்தே இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்குப் பேர் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். தோள்பட்டை இறங்கிப்போன பெண்களைப் பற்றி அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு பேச்சும் இல்லை.

வேலைக்கு ஏற்ப மனிதரை வளைக்காமல், மனிதருக்கு ஏற்ப வேலையையும் கருவியையும் அமைக்க வேண்டும் என்று சொல்லும் படிப்புக்குப் பணிச்சூழலியல் என்று பெயர். கேட்கப் பெரிதாக இருக்கிறது, விஷயம் எளிது. ஊராட்சித் தெருவைக் கூட்டும் தென்னங்குச்சி விளக்குமாற்றுக்கு ஒரு நீளக் கம்பைக் கட்டினால் நிமிர்ந்து நின்று கூட்டலாம். அவ்வளவுதான். பெரும்பாலும் அருந்ததியர்களே பார்க்கும் வேலை என்பதால், குனிந்து கூட்டுவதுதான் இயல்பு என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. நிமிர்ந்து நின்றால் சிலருக்கு உறுத்துகிறது என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

இதே சண்டை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்திருக்கிறது. அங்கே வயல் வேலையில் பெரும்பகுதி மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள். நம் களைக்கொத்து போலக் குட்டைக் கைப்பிடி வைத்த ஒரு கருவியை அவர்கள் கையில் கொடுத்திருந்தார்கள். நீளக் கைப்பிடி வைத்தால் பயிர் கெடும் என்றனர் பண்ணைக்காரர்கள். முதுகெலும்பு கெடுகிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து குட்டைக் கைப்பிடி ஒழிந்தது. விவசாயம் ஒன்றும் நின்றுபோகவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்கு உட்காரும் உரிமையைக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டமாக்கின. நின்ற காலுக்கு நாற்காலி கொடுக்க முடிந்த அரசுக்கு, குனிந்த முதுகுக்கு ஒரு கம்பு கொடுக்க முடியாதா?

அடுத்து ஜீப். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிச் செல்வது நம் மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல. விபத்து நடந்தால் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று ஒரு வரியில் வழக்கு முடியும். நேரத்துக்குத் தோட்டம் போய்ச் சேர வேண்டிய அவசரம், தலைக்கு இவ்வளவு என்று பேசும் வாடகை, முழங்காலோடு முழங்கால் இடிக்கும் பின்பலகை, கொண்டை ஊசி வளைவு, பனி எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கவனக்குறைவை உண்டாக்குகின்றன. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் ஜீப் பள்ளத்தில் விழுந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தார்கள். ஒன்பது பேரும் பெண்கள்.

இங்கே ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தை, வேலையோடு அதற்குத் தொடர்பு இருப்பது நிறுவப்பட்டால், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு. நிறுவுவதுதான் சிக்கல். இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு வேறு தோட்டம். கூலி பேசுவது ஏஜென்ட். பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நியமனக் கடிதம் தர வேண்டும் என்று புதிய சட்டம் சொன்னாலும், ஜீப்பின் பின்பலகையில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு அதை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் இதில் ஒரு காரியம் செய்யலாம். அம்மா எந்தத் தேதியில், எந்தத் தோட்டத்துக்கு, எந்த எண் வண்டியில் போனார், கூலி எவ்வளவு என்று ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் கையில் காட்ட ஏதாவது இருக்கும். தூய்மைப் பணியாளர்களின் விளக்குமாற்றுக்கு நீளக் கைப்பிடி, அவரவர் கை அளவுக்கு உறை வாங்க வேண்டும் என்று மே 1 கிராமசபையில் தீர்மானம் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.