பழைய லாரி புகைஞ்சா உடனே பம்பைக் கழற்றணுமா?

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் லாரி வழியில் நின்றால், நஷ்டம் ஓனரோடு முடியாது. வெட்டிய கரும்பு காயக் காய எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். அடி விவசாயிக்கு.

ஆனாலும் கரும்புகை வந்ததுமே பம்பைக் கழற்றுவது வெட்டிச் செலவு. புகையின் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிடும். கறுப்பு என்றால் டீசலுக்கேற்ற காற்று போகலை. முதலில் ஏர் ஃபில்டர், அப்புறம்தான் நாசில். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரியுது, ரிங் தேய்ந்திருக்கலாம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்க. அதோடு லோடு இழுக்கவே கூடாது. ஸ்டார்ட் ஆகி உடனே அணையுதா? டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும். கை பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினாலே பெரும்பாலும் கிளம்பிடும்.

2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.6 லாரிக்கு இதெல்லாம் போதாது, ஸ்கேனர் வேணும். பழசுக்குக் கண்ணும் காதும் போதும். அந்த வசதிக்காகவே அதை ஒழுங்காகப் பராமரிக்கலாம். 2021 வாகன அழிப்புக் கொள்கையும் தனியார் லாரியை வயதுக்காக மட்டும் ஒதுக்கச் சொல்லலை; எஃப்.சி.யில் தேறுதா என்றுதான் கேட்குது.