அளவீடு கிணற்றடிக்குப் போகவேண்டும்

1937ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், லண்டனை அடுத்த குரொய்டன் நகரில் நெருப்புக்காய்ச்சல் பரவியது. 300க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 43 பேர் இறந்தனர். நகருக்கு நீர் கொடுத்த அடிங்டன் கிணற்றில் அப்போது திருத்தவேலை நடந்தது. உள்ளே இறங்கியவர்களில் ஒருவர் கிருமிகாவி. அதே நாட்களில் வடிகட்டலும் குளோரின் இடுவதும் நிறுத்தப்பட்டிருந்தன. கிணற்றில் ஆட்கள் இறங்கியிருப்பதே நகரின் சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரியாது. நீர்ப்பகுதிக்குத் தெரிந்த செய்தி சுகாதாரப் பகுதிக்கு வந்து சேரவில்லை.

நெடுங்கேணிப் பக்கம் வேலை செய்யும் நாம் இதைப் பழங்கதையாக வாசிக்க முடியாது. போருக்குப் பின்னான மீள்குடியேற்றத்தின்போது இடிந்தும் பாழடைந்தும் கிடந்த கிணறுகளை இறைத்து, சேறு வாரி, குளோரின் இட்டுத்தான் சனங்களைக் குடிக்கச் சொன்னோம். அது வயிற்றோட்டத்துக்கான காவல். ஆனால் இந்தத் தரையின் நீரில் குளோரினுக்குக் கட்டுப்படாதவையும் இருக்கின்றன.

ஒரு வீட்டின் கேத்திலைத் திறந்து பாருங்கள்: அடியில் வெள்ளையாகக் கல் பிடித்திருக்கும். அந்த நீரில் சவர்க்காரம் நுரைக்காது. பிள்ளை சிரித்தால் முன்பற்களில் புளோரைட்டின் பழுப்புக் கோடு தெரியும். “காய்ச்சித்தானே ஐயா குடிக்கிறம்” என்பார் தாய். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இதை அந்தத் தாய்க்கு விளக்குவது நமது கடமை.

உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டை எல்லையாக வைக்கிறது. இலங்கைத் தரநிலை 1.0 என்கிறது. வெயிலில் வயல்வேலை செய்து நிறையத் தண்ணீர் குடிப்பவருக்கு இந்த இறுக்கமான எல்லையே பொருத்தம். 1990களில் அயலிலுள்ள பதவியா, மதவாச்சிப் பகுதிகளில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோய்க்கு ஒற்றைக் காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. புளோரைட்டும் நீரின் கடினத்தன்மையும் சந்தேகத்துக்குரியவை. முடிவு வரும்வரை வாளி காத்திருக்காது.

புளோரைட்டை நீக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) நிலையங்கள் உதவுகின்றன. ஆயினும் தூரத்திலிருந்து கானில் எடுத்துவரும் தண்ணீர் குடிக்க மட்டும் என்றாகி, சோறும் கறியும் பழைய கிணற்று நீரிலேயே வேகின்றன. நிலையத்தில் ஒதுக்கப்படும் கழிவுநீர் எந்தக் கிணற்றருகே விடப்படுகிறது என்பதையும் நாம் பார்க்கவேண்டும்.

கிணறுகளில் மாதிரி எடுக்கிறோம், ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறோம், முடிவு கோப்பில் ஏறுகிறது. தண்ணீர் அள்ளுபவருக்கோ ஒன்றும் தெரியாது. குரொய்டனில் அறுந்த தொடர்பு அலுவலர்களுக்கு இடையிலானது. இங்கே அது கோப்புக்கும் கிணற்றுக்கும் இடையில் அறுந்திருக்கிறது.

மாரிக்கு முன் ஒரு நாள் பிரதேச சபை, நீர் வழங்கல் சபை, சுகாதாரப் பணிமனை மூன்றும் ஒரே பதிவேட்டுடன் அமரட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களே, அடுத்த சுற்றுக்குப் போகும்போது கைவசமுள்ள முடிவுகளையும் கொண்டுபோங்கள். புளோரைட் அளவைக் கிணற்றுக் கட்டிலேயே எழுதுங்கள். வீட்டாருக்கு அதை வாசித்துச் சொல்லுங்கள்.