போர்டு போச்சாம்!

மடிக்கணினியின் யூ.எஸ்.பி. துவாரங்கள் ஒரு நாள் மௌன விரதம் பூண்டுவிட்டன. கடைக்காரர் யந்திரத்தைத் திறக்கக்கூட இல்லை. "போர்டு போச்சு, ஸார், மாற்றணும்" என்றார். நாடி பார்க்காமலே பாடை கட்டச் சொல்லுகிற இந்த வைத்தியத்துக்குத் தட்சிணை கொடுக்கிற நம்மைச் சொல்ல வேண்டும்!

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, 'ஷட்டவுன்' கொடுத்தால் பெரும்பாலும் யந்திரம் முழுக்க அணைவதில்லை. சீக்கிரம் விழித்துக்கொள்வதற்காக, டிரைவர்களை இருந்த நிலையிலேயே பத்திரப்படுத்திக்கொண்டு படுக்கிறது, கோளாறையும் சேர்த்துத்தான்! 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். போதாக்குறைக்கு, பாட்டரியை மிச்சம் பிடிக்கத் துவாரங்களை உறங்கவைக்கும் ஏற்பாடு வேறு. உறங்கியது சில சமயம் எழுந்திருப்பதில்லை. துவாரம் நிஜமாகவே உடைவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதலில் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். பென் டிரைவில் விளக்கு எரிந்தது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"அதிர்ஷ்டம், ஸார்" என்றார்.