பவளத் தொட்டியும் நீல விளக்கும்

இலக்கியம் பேசும் இடத்தில் மீன்தொட்டிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் முகம் சுளிக்கக் கூடும். சற்றே பொறுத்தருள்க. கடந்த கோடை விடுமுறை முழுதும் நாம் ஏடுகளை மூடிவைத்துவிட்டு, சால்டரிங் அயர்னும் கையுமாக அமர்ந்து, உப்புநீர்த் தொட்டிக்கு எல்.இ.டி. விளக்கு ஒன்று செய்துகொண்டிருந்தோம். உடனிருந்து கைகொடுத்தவர் எம் கல்லூரி இயற்பியல் துறை நண்பர். ‘புலவரே, இதற்கெல்லாம் தொல்காப்பியத்தில் நூற்பா உண்டா?’ என்று அவர் கேலி பேசியதை இங்கே பதிந்துவிடுகிறோம்.

தொட்டி மூன்றடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். நன்னீர் மீன்களுக்கு எந்த விளக்கும் போதும். பவள உயிர்களுக்குப் போதாது. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியை உண்டு அப்பாசிகள் சமைப்பதில் பெரும்பங்கு, வீடு கொடுத்த பவள உயிருக்குப் போகிறது. கடல்நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும். ஆழம் வரை இறங்குவது நீலமே. ஆகவே 450 நானோமீட்டர் அளவிலான அடர்நீல எல்.இ.டி.கள் பன்னிரண்டும், வெள்ளை பன்னிரண்டும் வாங்கினோம். நீல எல்.இ.டி.யை உருவாக்கியமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் வாய்த்த பிறகே அதன்மேல் பாஸ்பர் பூசி வெள்ளை விளக்கையும் பெற்றார்கள்.

ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3.3 வோல்ட் கேட்கும். பன்னிரண்டைத் தொடராக இணைத்தால் 40 வோல்ட். 700 மில்லியாம்பியர் நிலைமின்னோட்டம் தரும் டிரைவர் ஒன்று வரிசைக்கு ஒன்றாக வேண்டும். ஒரே டிரைவரில் இரு வரிசைகளைப் பக்க இணைப்பில் பூட்டிச் செலவைக் குறைக்கலாமே என்று நாம் கேட்டோம். ஒரு வரிசை அறுந்தால் அதன் மின்னோட்டமும் மற்றதன் தலையில் விழும், அதுவும் கருகும் என்று நண்பர் தடுத்துவிட்டார். ஹீட்சிங்க் எனப்படும் துடுப்புகள் கொண்ட அலுமினியப் பாளத்தில், வெப்பம் கடத்தும் பசை தடவி, இருபத்து நான்கையும் திருகினோம். முதல் நாள் மாலை நீலம் எரிந்தது, வெள்ளை எரியவில்லை. ஒன்றே ஒன்றை நேர், எதிர் மாற்றி இணைத்திருந்தோம். அதனால் பன்னிரண்டும் இருண்டு கிடந்தன. பிழைதிருத்தம் பார்த்தே பழகிய கண்ணுக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ஆய்வுக்கூடத்து லக்ஸ் மானியைப் பிடித்துப் பார்த்தபோது வெள்ளை வரிசை மிக உயர்ந்தும் நீலம் பரிதாபமாகவும் காட்டின. நீலம் பயனற்றது என்று நாம் முடிவுகட்டும் முன் நண்பர் சிரித்தார். லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் அளவுகோல். நம் கண் பச்சைக்கே மிகுதியாக மயங்கும். பாசிக்கு வேண்டிய அளவு வேறு. 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒளித்துகள்களை எண்ணிப் பார்ப்பது அது. தமக்குப் பிடித்த நிறத்தை மட்டும் அளந்துவிட்டு நூலைத் தீர்ப்பிடும் திறனாய்வாளர் சிலர் அப்போது நம் நினைவுக்கு வந்தார்கள். பெயர் வேண்டாம்.

பேராசையால் ஒரு பிழையும் செய்தோம். முதல் நாளே முழு வெளிச்சம் கொடுத்தோம். மறுநாள் காளான் பவளங்கள் சுருங்கிச் சுருண்டு கிடந்தன. ஒளி மிகுந்தால் பாசியே நஞ்சாகும். உயிர் அதை வெளியேற்றி வெளுத்துப்போகும். கால்பங்குக்குக் குறைத்து, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றினோம். பிழைத்துக்கொண்டன.

இந்த வேலையில் நமக்குக் கிடைத்த பெரிய வியப்பு சொல்லைப் பற்றியது. பவளம், துகிர் என்று நம் பழம்புலவர் பாடிய செம்பொருளும், இராமேசுவரத்துக் கடலடிப் பவளப்பாறையும் ஒன்றென்றே இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தோம். அன்று. நகைக்கு உதவும் செம்பவளம் மத்தியதரைக் கடலுக்குப் பேர்போனது. முசிறியில் வந்திறங்கிய சரக்குகளில் பவளமும் உண்டு என்கிறது முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ். அது மங்கலான ஆழத்தில் வாழ்வது. பாசித் துணை அதற்கு இல்லை. நம் விளக்கு அதற்கு வேண்டவே வேண்டா. வெயில் குடித்து வளர்ந்து பாறை கட்டும் நம் கடல் உயிரை மீனவர் தம் பேச்சில் ‘பார்’ என்றார்கள். ஏடு படித்த நாம்தாம் இரண்டுக்கும் ஒரே பெயரிட்டுக் குழப்பினோம்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். விளக்கை நீங்களே செய்யுங்கள். சிக்கனத்துக்காக அன்று, லென்சு, டிரைவர், அக்ரிலிக் மூடி என்று கூட்டிப் பார்த்தால் மிச்சமாவது சொற்பமே. எது எதற்காக எரிகிறது என்று தெரிந்துகொள்ளச் செய்யுங்கள். ஆனால் விளக்கு எரியத் தொடங்கியதும் ஓர் அழைப்பு வரும். நமக்கும் வந்தது. ‘சார், கிளைப் பவளம் உயிரோடு இருக்கு, ராத்திரி கொண்டாந்து தரேன்’ என்றார் வணிகர் ஒருவர். 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகளும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குரிய இடத்தில் வைக்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும், ‘ஒரு கிளைதானே’ என்கிறார்கள்.

சுண்ணாம்புக்கென்று ஆண்டாண்டுக் காலம் பவளம் வெட்டி எடுத்ததில் மன்னார் வளைகுடாவின் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அங்கும் ஒவ்வொரு வண்டியும் ஒரு வண்டிதான். எஞ்சியவை 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்தன. வழக்கமான கோடை வெப்பத்துக்கு மேல் ஓரிரு பாகை சில வாரம் நீடித்தாலே போதும். நம் தொட்டி நீரை ஒரு மே மாதம் குளிர்விக்கப் பட்ட பாட்டில் அதை நேரில் கண்டோம்.

ஆகவே நம் தொட்டியில் கல்பவளம் இல்லை. வேறொரு ஆர்வலர் வீட்டில் பெருகியதை நறுக்கிக் கொடுத்த காளான் பவளங்களும் பொத்தான் பவளங்களும் மட்டுமே உள்ளன. இத்தனை விளக்கு இவற்றுக்கு மிகை என்று நண்பர் இன்னும் குறைபட்டுக்கொள்கிறார். வெள்ளை வரிசையைப் பாதிக்கு மேல் நாம் ஏற்றுவதே இல்லை. இரவு ஒன்பதுக்கு அதை அணைத்துவிட்டு நீலத்தை மட்டும் அரைமணி நேரம் விடுகிறோம். அப்போது பொத்தான் பவளங்கள் பச்சையாய் ஒளிர்கின்றன. விடைத்தாள் திருத்தும் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறோம்.